வில்லன் பக்கத்து நியாயம்

வில்லன் என்ற சொல்லுக்குச் சரியான தமிழ்ச் சொல் இன்னும் அகப்படவில்லை. தீயவன், கொடியவன், துஷ்டன் என்றெல்லாம் சொல்லிப் பார்க்கலாம். அவையெல்லாம் ஆளைப் பற்றிய தீர்ப்புகளே ஒழிய, கதையில் அவனுக்குள்ள இடத்தைச் சொல்வதில்லை. வடமொழி அலங்கார நூல்காரர்கள் பிரதிநாயகன் என்றார்கள். அது இடத்தைச் சொல்கிறது. ஆனால் வழக்கில் நிற்கவில்லை. ஆகவே, நாடகக் கொட்டகையிலும் சினிமாக் கொட்டகையிலும் அடிபட்டு நம் வீட்டுச் சொல்லாகவே ஆகிவிட்ட வில்லனையே நானும் வைத்துக்கொள்கிறேன்.

இந்தச் சொல்லைப் பற்றி என்னை யோசிக்க வைத்தது ஒரு சித்திரக் கதை. சித்திரக் கதை என்றதும் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். குழந்தைகள் படிக்கிற பொம்மைப் புஸ்தகத்தில் நாவலாசிரியனுக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். வேலை இருக்கிறது. ஒரே பாத்திரத்தை அறுபது வருஷ காலம் பல கைகள் மாறி மாறி எழுதுவதை நாவல் உலகத்தில் பார்க்க முடியாது. அமெரிக்கச் சித்திரக் கதையில் அது சர்வ சாதாரணம். அங்கே ஒரு பாத்திரம் எந்த இடத்தில் வெறும் காகிதமாகக் கிடந்தது, எந்த இதழில் அதற்கு மூச்சு வந்தது, எவர் கையில் அது மறுபடியும் காகிதமாயிற்று என்பதையெல்லாம் மாதமும் தேதியும் போட்டுப் பார்த்துவிடலாம். எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல பாடசாலை கிடைக்காது.

நான் சொல்லப்போகும் பாத்திரத்தின் பெயர் மேக்னீட்டோ. மார்வெல் நிறுவனத்தின் 'எக்ஸ்-மென்' என்ற சித்திரக் கதையில் வருகிறவன். ஸ்டான் லீயும் ஜாக் கெர்பியும் 1963ஆம் ஆண்டு இந்தத் தொடரைத் தொடங்கினார்கள். கதையின் அடிப்படை எளியது. சில மனிதர்கள் பிறவியிலேயே விசித்திர சக்தியோடு பிறக்கிறார்கள். மற்ற ஜனங்கள் அவர்களைக் கண்டு பயப்படுகிறார்கள். பயம் துவேஷமாக முற்றுகிறது. சேவியர் என்ற பேராசிரியர் இந்தப் பிறவிகளில் இளைஞர்களாக உள்ளவர்களைச் சேர்த்து ஒரு பள்ளிக்கூடம் நடத்துகிறார். என்றைக்காவது ஒரு நாள் ஜனங்கள் நம்மை ஏற்றுக்கொள்வார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. ஒருநாளும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள், அவர்கள் நம்மை அழிக்குமுன் நாம் அவர்களை ஆளவேண்டும் என்பவன் மேக்னீட்டோ. காந்தம் போல இரும்பை இழுக்கவும் வளைக்கவும் அவனால் முடியும்.

இவ்வளவு நல்ல அஸ்திவாரத்தைப் போட்டுவிட்டு, முதல் பதினைந்து வருஷங்களுக்குமேல் அதன்மேல் ஒரு கூரைகூடப் போடவில்லை என்பதுதான் ஆச்சரியம். முதல் இதழில் அவன் ஒரு ஏவுகணைத் தளத்தைக் கைப்பற்றுகிறான்; அடித்துத் துரத்துகிறார்கள்; ஓடிப்போகிறான். 1964இல் வந்த நான்காம் இதழில் தனக்கென்று ஒரு கூட்டம் சேர்க்கிறான். அந்தக் கூட்டத்துக்கு அவன் வைக்கிற பெயரிலேயே 'தீய' என்ற அடைமொழி இருக்கிறது. தன் கட்சிக்குத் தானே 'தீயோர் சங்கம்' என்று பெயர்ப்பலகை எழுதி மாட்டுகிற தலைவனை உலகத்தில் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? உலகத்தில் உள்ள கொடுமைக்காரர்கள் எல்லோருமே தங்கள் கூட்டத்துக்கு விடுதலை என்றோ, ஒழுங்கு என்றோ, தர்மம் என்றோதான் பெயர் வைக்கிறார்கள். அந்த ஒரு பெயரைப் பார்த்தே சொல்லிவிடலாம், ஆசிரியர்கள் இன்னும் அவன் தலைக்குள் நுழைந்து பார்க்கவில்லை என்று.

அவர்களைமட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. 1954ஆம் ஆண்டு அமெரிக்காவில் சித்திரக் கதைகள் குழந்தைகளைக் கெடுக்கின்றன என்று பெரிய கூச்சல் எழுந்தது. வெர்தம் என்ற மனோதத்துவ வைத்தியர் அதற்கென்றே ஒரு புஸ்தகம் எழுதினார். செனட் சபையின் குழு ஒன்று விசாரணை நடத்தியது. சர்க்கார் சட்டம் போடுமுன் பதிப்பாளர்கள் தாங்களே கூடி ஒரு விதிமுறையை வகுத்துக்கொண்டார்கள். நன்மை தீமையை வென்றே தீரவேண்டும் என்பது அதில் ஒரு விதி. குற்றவாளியின்மேல் வாசகனுக்கு அநுதாபம் பிறக்கும்படி குற்றத்தைச் சித்திரிக்கக்கூடாது என்பது இன்னொன்று. வில்லனின் மனத்துக்குள் வாசகன் எட்டிப் பார்க்கக்கூடாது என்று கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டபிறகு, வில்லன் தெருவில் நின்று தொடைதட்டிக் கர்ஜிப்பதைத் தவிர வேறென்ன செய்வான்?

ஆனாலும் அந்த நான்காம் இதழிலேயே ஒரு விதை கிடக்கிறது. வாண்டா என்ற பெண்ணைச் சூனியக்காரி என்று சொல்லி ஊர் ஜனங்கள் துரத்தியபோது, மேக்னீட்டோதான் வந்து காப்பாற்றினான். அந்த நன்றிக் கடனுக்காகத்தான் அவள் மனமில்லாமல் அவன் கூட்டத்தில் இருக்கிறாள். அதே கதையில் அவன் ஒரு நாட்டையே அணுகுண்டால் அழிக்கப் பார்க்கிறான். ஒரு கையால் ஊரின் வெறியிலிருந்து ஒருத்தியைத் தூக்கி நிறுத்தியவன், மறு கையால் ஒரு தேசத்தைச் சாம்பலாக்க நினைக்கிறான். இந்த இரண்டு கைகளும் ஒரே உடம்பில் எப்படிப் பொருந்தின என்ற கேள்வியை லீயும் கெர்பியும் கேட்கவில்லை. பதினேழு வருஷம் கழித்து வேறொருவர் கேட்டார்.

அவர் பெயர் கிறிஸ் கிளேர்மான்ட். 1975இல் 'எக்ஸ்-மென்' தொடரை எழுத ஆரம்பித்து 1991 வரை எழுதினார். கிளேர்மான்ட் வந்தபோது மேக்னீட்டோவின் நிலை பரிதாபம். 1974இல் வேறொரு தொடரில் அவனைக் கைக்குழந்தையாக மாற்றிவிட்டிருந்தார்கள். 1977இல் அவனை மறுபடி வாலிபனாக வளர்த்தெடுத்தார்கள். இந்த அசட்டுத்தனத்தால் பிற்பாடு ஒரு லாபம் உண்டாயிற்று என்பது வேறு விஷயம். 1940களில் சிறுவனாக இருந்தவன் இத்தனை காலம் கழித்தும் ஏன் கிழவனாகவில்லை என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பதில் தயாராக இருந்தது.

1981 அக்டோபர் தேதியிட்ட நூற்றைம்பதாவது இதழில்தான் மேக்னீட்டோவுக்கு உயிர் வந்தது. படம் வரைந்தவர் டேவ் காக்ரம். கதை ஆரம்பத்தில் பழைய கதைதான். உலக நாடுகளெல்லாம் அணு ஆயுதங்களைக் கீழே போட்டுவிட்டுத் தனக்கு அடங்கவேண்டும் என்று மேக்னீட்டோ உத்தரவு போடுகிறான். சோவியத் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று அவன்மேல் ஏவுகணைகளை ஏவுகிறது. அந்தக் கப்பலை ஆட்களோடு கடலில் அமுக்கிவிடுகிறான். பிறகு அவனுடைய தீவில் சண்டை. சேவியரின் மாணவர்களில் கிட்டி என்று ஒரு சிறு பெண். பதின்மூன்று பதினாலு வயசு இருக்கும். அவனுடைய யந்திரங்களை அழிக்க அவள் உள்ளே நுழைகிறாள். தன் காரியம் கெட்டுப்போகிற ஆத்திரத்தில் மேக்னீட்டோ யார் எவர் என்று பார்க்காமல் மின்சக்தியால் தாக்குகிறான். அவள் சுருண்டு விழுகிறாள்.

அருகே போய்ப் பார்க்கிறான். குழந்தை.

அவளை மடியில் எடுத்துக்கொள்கிறான். அப்போதுதான், இதுவரை எந்த இதழிலும் சொல்லப்படாத ஒரு விஷயம் அவன் வாயிலிருந்து வருகிறது. அவன் ஆஷ்விட்ஸில் வளர்ந்தவன். நாஜிகளின் கொலை முகாமில், காவலாளிகள் பரிகாசம் பேசிக்கொண்டே அவனுடைய குடும்பத்தைச் சாவுக்கு ஓட்டிச் சென்றார்கள். உயிர்களுக்கு அங்கே மதிப்பு இருக்கவில்லை. அதனால் பிறர் உயிர்களுக்குத் தானும் மதிப்புக் கொடுக்கவில்லை. இப்போது மடியில் ஒரு குழந்தை கிடக்கிறது. கிட்டி ஒரு யூதப் பெண் என்பதையும் வாசகன் இங்கே நினைத்துக்கொள்ளவேண்டும். அவன் சண்டையை விட்டுவிட்டுப் போய்விடுகிறான். பெண் பிழைத்துவிடுகிறாள், அது வேறு.

இந்தக் காட்சியின் பலம் எங்கே இருக்கிறது? அவனுக்கு ஒரு சோகமான பூர்வ கதை கிடைத்துவிட்டது, அதனால்தான் நாம் உருகுகிறோம் என்று பெரும்பாலோர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சோகமான பூர்வ கதை கொடுப்பது எழுத்தாளனுக்கு மிகச் சுலபமான வேலை. எந்தக் கொலைகாரனுக்கும் ஒரு குடிகாரத் தகப்பனையும் செத்துப்போன தாயையும் அரைப் பக்கத்தில் கொடுத்துவிடலாம். நம்முடைய சினிமாக்களில் கடைசி ரீலில் வில்லன் இருமிக்கொண்டே தன் கதையைச் சொல்லிவிட்டுச் சாவதில்லையா? அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். வீட்டுக்கு வந்து மறந்துவிடுகிறோம். அந்த மாதிரிக் கதை, குற்றத்துக்கு எழுதிக் கொடுக்கிற ரசீது. தந்தை அடித்தான், அதனால் இவன் கொன்றான், கணக்குத் தீர்ந்தது.

கிளேர்மான்ட் செய்தது வேறு. ஆஷ்விட்ஸ் என்ற பெயரை அவர் மேக்னீட்டோவின் வக்கீலாகக் கொண்டுவரவில்லை. எதிர்க் கட்சிச் சாட்சியாகக் கொண்டுவந்தார். நான் ஏன் இப்படி ஆனேன் என்று அவன் உலகத்துக்கு விளக்கம் சொல்லும் நேரத்தில் அந்தப் பெயர் வருவதில்லை. தான் யாரைப்போல ஆகிவிட்டோம் என்று அவனுக்குத் தெரிகிற நேரத்தில் வருகிறது. காவலாளிகள் தன் வீட்டுக் குழந்தைகளுக்குச் செய்ததைத்தான் தான் இப்போது செய்திருக்கிறோம் என்று அவன் கண்ணாலேயே பார்க்கிறான். அநுதாபமும் கண்டனமும் ஒரே வாக்கியத்தில், ஒன்றையொன்று பிடித்துத் தள்ளிக்கொண்டு வருகின்றன. வாசகன் எந்தப் பக்கமும் சாய்ந்து உட்கார முடிவதில்லை. ஒரு வில்லனை மறக்க முடியாமல் செய்வது இதுதான் என்பது என் அபிப்பிராயம். நாம் அவனுக்கு எதிராகச் சொல்ல நினைத்ததை அவனே நமக்கு முன்னால் தன்னைப் பார்த்துச் சொல்லிக்கொள்கிறான்.

நம் வாசகர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒருத்தியைச் சொல்கிறேன். 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக வந்த 'பொன்னியின் செல்வ'னில் வருகிற நந்தினியை எடுத்துக்கொள்ளுங்கள். வீரபாண்டியனின் உயிருக்காக அவள் ஆதித்த கரிகாலனிடம் மன்றாடுகிறாள், அவன் கேட்கவில்லை, தலையை வெட்டுகிறான். அந்தத் துக்கம் மட்டும் இருந்திருந்தால் அவள் வெறும் பழிகாரி. கரிகாலனைப் பழிவாங்கப் போகும் அவள் கரிகாலனையே நினைத்துத் தத்தளிக்கிறாள் என்று காட்டியதால்தான் அவளுடைய பெயரை இன்றைக்கும் வீட்டுத் திண்ணைகளில் விவாதிக்கிறார்கள்.

துன்பப்பட்டவன் நல்லவனாகத்தான் இருப்பான் என்று நமக்கு ஒரு நம்பிக்கை உண்டு. தங்கம் தீயில் சுட்டால் ஒளிரும் என்று பாட்டியிடம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மனிதன் தங்கமாக இருந்தால் சரி. ஆர்ட் ஸ்பீகல்மன் என்பவர் ஆஷ்விட்ஸில் பிழைத்த தம் தகப்பனாரின் கதையைச் சித்திரக் கதையாக எழுதியிருக்கிறார். 'மௌஸ்' என்று பெயர். யூதர்களை எலிகளாகவும் நாஜிகளைப் பூனைகளாகவும் வரைந்திருப்பார். இரண்டு பாகங்களாக 1986இலும் 1991இலும் புஸ்தகமாக வந்தது. 1992இல் அதற்குப் புலிட்சர் சிறப்புப் பரிசு கொடுத்தார்கள். அதில் ஓர் இடம். தகப்பனாரும் மகனும் மருமகளும் காரில் போகிறார்கள். வழியில் ஒரு கறுப்பு மனிதர் கை காட்டுகிறார். மருமகள் அவரை ஏற்றிக்கொள்கிறாள். அந்த மனிதர் இறங்குகிற வரையில் கிழவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கறுப்பர்கள் எல்லோரும் திருடர்கள் என்கிறார். நாஜிகள் உங்களைப் பற்றிப் பேசியது போலவே நீங்கள் இவர்களைப் பற்றிப் பேசலாமா என்று மருமகள் பொங்குகிறாள். கிழவருக்கு அவள் சொல்வதே புரியவில்லை. இரண்டையும் ஒன்றாகச் சொல்ல முடியுமா என்று வியக்கிறார்.

அந்தக் கிழவர் வில்லனல்ல. சிக்கனமும் சிடுசிடுப்பும் உள்ள ஒரு சாதாரண மனிதர்; அவர் பிழைத்த கதையைப் படித்தால் உடம்பு நடுங்கும். முகாம் அவருக்குப் பிழைக்கக் கற்றுக்கொடுத்தது, பெருந்தன்மையைக் கற்றுக்கொடுக்கவில்லை. முகாம்கள் அதற்காகக் கட்டப்படவில்லையே! மேக்னீட்டோவின் கதையும் இதே உண்மையின்மேல்தான் நிற்கிறது. அவனுக்கு ஆகாயத்தில் பறக்கும் சக்தியும் சிவப்புத் தலைக்கவசமும் இருப்பதால் அந்த உண்மை பெரிய எழுத்தில் தெரிகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி அவனுடைய வாதத்துக்கு வருவோம். வில்லன் தன்னைத் தானே பார்த்தால் மட்டும் போதாது. அவன் சொல்வதில் உண்மையும் இருக்கவேண்டும். 1982இல் கிளேர்மான்டும் பிரென்ட் ஆண்டர்சனும் சேர்ந்து ஒரு தனிப் புஸ்தகம் கொண்டுவந்தார்கள். கடவுள் நேசிக்கிறார், மனிதன் கொல்கிறான் என்பது தலைப்பின் பொருள். முதல் பக்கங்களிலேயே இரண்டு கறுப்புக் குழந்தைகள், அண்ணன் தங்கை, இரவில் துரத்தப்பட்டுச் சுடப்படுகிறார்கள். பள்ளிக்கூட விளையாட்டு மைதானத்தில் ஊஞ்சலில் அவர்களைத் தொங்கவிட்டுப் போகிறார்கள். காலையில் மற்றக் குழந்தைகள் வந்து பார்ப்பதற்கு முன்னால் ஒருவன் வந்து அந்த உடல்களை இறக்குகிறான். அவன்தான் மேக்னீட்டோ.

கதாநாயகர்களில் எவரையும் அந்த இடத்துக்கு அனுப்பாமல் வில்லனை அனுப்பினாரே, அங்கேதான் கிளேர்மான்டின் தைரியம் இருக்கிறது. ஜனங்கள் நம்மைக் கொல்வார்கள் என்று அவன் இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். இதோ கொன்றிருக்கிறார்கள். கொலைக்குப் பின்னால் இருக்கிறவன் ஒரு மதப் பிரசாரகன், டெலிவிஷனில் பேசுகிறவன், பெருங்கூட்டம் அவன் பேச்சைக் கேட்டு மயங்கி நிற்கிறது. இந்த நிலையில் சேவியர் என்ன பதில் சொல்வார்? சொல்லத் தெரியவில்லை. கதை முடிவில் அவரே, மேக்னீட்டோ சொல்வதுதான் சரியோ, அவனோடு போய்விடலாமோ என்று தடுமாறுகிறார். அவரைத் தடுத்து நிறுத்துகிறவர்கள் அவருடைய மாணவர்கள்.

நல்லவனுக்குப் பதில் தெரியாத கேள்வியைக் கெட்டவன் கேட்கவேண்டும். இதைப் பல எழுத்தாளர்கள் செய்வதில்லை. கதாநாயகன் கையில் பதிலை முதலிலேயே கொடுத்துவிட்டு, அந்தப் பதிலுக்குத் தகுந்தாற்போல ஒரு கேள்வியை வில்லன் வாயில் திணிக்கிறார்கள். வகுப்பில் உபாத்தியாயரே மாணவனுக்குக் கேள்வியும் எழுதிக் கொடுத்த மாதிரி.

சேவியரையும் மேக்னீட்டோவையும் மார்ட்டின் லூதர் கிங்கோடும் மால்கம் எக்ஸோடும் ஒப்பிடுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது பொருத்தமாகப் படவில்லை. மால்கம் எக்ஸ் எந்தக் கப்பலையும் அமுக்கவில்லை. கிளேர்மான்ட் தம் மனத்தில் இருந்தவர் இஸ்ரேலின் மெனாசெம் பெகின் என்று சொல்லியிருக்கிறார். பெகின் தலைமை வகித்த இர்கூன் இயக்கம் 1946இல் ஜெரூசலேமில் கிங் டேவிட் ஹோட்டலுக்கு வெடி வைத்தது. அதே பெகின் 1977இல் பிரதம மந்திரியானார். 1978இல் எகிப்தின் சாதத்தோடு சேர்ந்து சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றார். ஓர் ஆயுதக்காரன் ராஜதந்திரியாக மாறலாம் என்பதைக் கண்முன்னே பார்த்த தலைமுறையின் கற்பனை இது.

அந்தக் கற்பனை 1982இல் இன்னொரு நல்ல கதையைத் தந்தது. சேவியரும் மேக்னீட்டோவும் இளமையில் சிநேகிதர்கள். இஸ்ரேலில் ஹைஃபா நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், முகாம்களிலிருந்து மீண்டவர்களுக்குச் சிகிச்சை நடக்கிற இடத்தில் சந்தித்தவர்கள். ராத்திரியெல்லாம் விவாதம் செய்கிறார்கள். பிறகு நாஜிகள் ஒளித்துவைத்த தங்கம் வெளிப்படும்போது மேக்னீட்டோ அதை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். பகைவர்களின் சண்டை என்று நாம் அதுவரை நினைத்தது முறிந்துபோன சிநேகமாக மாறுகிறது. அதற்குப் பிறகு அவர்கள் அடித்துக்கொள்ளும்போதெல்லாம் ஹைஃபாவின் அந்த ராத்திரிகள் நினைவுக்கு வருகின்றன.

எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட மாட்டேன். 1987இல் கிளேர்மான்டே இன்னொரு பூர்வ கதையைச் சேர்த்தார். முகாமிலிருந்து தப்பியபின் அவனுக்கு மனைவி, ஒரு பெண் குழந்தை. உக்ரேனில் வினிட்சா ஊரில் தங்கியிருக்கும்போது விடுதி தீப்பற்றி எரிகிறது. அவனுடைய சக்தியைக் கண்டு பயந்த கும்பல் அவனை மறிக்கிறது. குழந்தை எரிந்துபோகிறது. சோகத்துக்குமேல் சோகம் என்று அடுக்கினால் இரண்டாவது சோகம் முதலாவதின் கனத்தைக் குறைத்துவிடும். ஆஷ்விட்ஸுக்குப் பிறகு இன்னொரு தீ எதற்கு என்று எனக்குப் பட்டது. ஆனால் அதே கதையில் ஒரு நல்ல இடமும் இருக்கிறது. கோபத்தில் அவன் அந்தக் கும்பலைக் கொன்றுபோடுகிறான். திரும்பிப் பார்த்தால் மனைவியின் கண்களிலும் அந்த ஜனங்களின் கண்களில் இருந்த அதே பயம். அவள் ஓடிப்போய்விடுகிறாள். மறுபடியும் கண்ணாடிதான், இந்தத் தடவை கண்ணாடி மனைவியின் முகம்.

இதற்கு நடுவில், 1985 டிசம்பர் தேதியிட்ட இருநூறாவது இதழில், பாரிஸில் சர்வதேச நீதிமன்றத்தின்முன் அவனை நிறுத்தினார்கள். அங்கே ஒரு வேடிக்கை. அவன் குழந்தையாகி மறுபடி வளர்ந்தவனல்லவா? ஆகவே குழந்தையாவதற்கு முன் செய்த குற்றங்கள் இப்போதுள்ள ஆளைச் சாரா என்று நீதிபதிகள் தள்ளிவிடுகிறார்கள். புனர்ஜன்மத்தை ஒரு சட்டப் பிரச்னையாக எடுத்துத் தீர்ப்புச் சொன்ன நீதிமன்றம் வேறு உண்டோ என்னவோ. நீர்மூழ்கிக் கப்பலின் கணக்கு மட்டும் மிச்சம். வெளியே கலவரம் மூண்டு, விசாரணை தீர்ப்பில்லாமலே நின்றுபோகிறது. சேவியர் தம் பள்ளிக்கூடத்தை அவனிடம் ஒப்படைக்கிறார். வில்லன் உபாத்தியாயராகிறான். சில வருஷம் அப்படியே ஓடிற்று. இருநூறாவது இதழ் சுமார்தான். ஆனால் தீர்ப்புச் சொல்லாமல் விட்ட அறிவுக்காக ஆசிரியரை மெச்சுகிறேன்.

2003இல் கிராண்ட் மாரிசன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கதையை எழுதிக்கொண்டிருந்தார். அவர் கதையில் ஒரு மாணவன் சட்டை போட்டுக்கொண்டு வருகிறான். 'மேக்னீட்டோ சொன்னது சரி' என்பது அதில் எழுதியிருக்கிற வாசகம். மாரிசன் அதை இளைஞர்களின் அசட்டு ஆவேசத்தைக் காட்டுவதற்காக எழுதினார். என்ன நடந்தது தெரியுமா? அந்த வாசகம் கதையை விட்டு வெளியே வந்துவிட்டது. மெய்யான கடைகளில் மெய்யான சட்டைகளாக விற்று, ஜனங்கள் பெருமையோடு போட்டுக்கொண்டு திரிகிறார்கள்.

இங்கேதான் எழுதுகிறவன் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். அவன் பயந்தது சரி. அவன் செய்தது சரியா? அவன் கேள்வியின் நியாயத்தில் மயங்கி அவன் கொலையையும் நியாயம் என்று சட்டையில் எழுதிக்கொள்கிறவர்களுக்கு நாம் என்ன செய்வது? மாரிசன் ஒரு வைத்தியம் செய்துபார்த்தார். கதையின் முடிவில் மேக்னீட்டோவை மருந்துப் போதைக்கு அடிமையான ஒரு கிழட்டு வெறியனாக ஆக்கினார். நியூயார்க்கைக் கைப்பற்றி, மனிதர்களைச் சூளைகளுக்கு ஓட்டிச் செல்கிறான். ஆஷ்விட்ஸில் நின்றவன் ஆஷ்விட்ஸைக் கட்டுகிறான். கொலைகாரனை அழகுபடுத்தாதே என்று மாரிசன் நம்மை அதட்டுகிறார். அந்த அதட்டலில் நியாயம் உண்டு என்பதை நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் அந்த வைத்தியம் பலிக்கவில்லை. வாசகர்கள் ஒப்பவில்லை, 2004இலேயே நிறுவனம், அது மேக்னீட்டோ இல்லை, அவன் வேஷத்தில் வந்த வேறொருவன் என்று கதையைத் திருத்திவிட்டது. வாசகர்கள் ஒப்பாததற்குச் செல்லம் மட்டும் காரணமல்ல. வெறியனுக்குத் தன்னைப் பார்க்கத் தெரியாது. சூளையைக் கட்டியபோதும் மாரிசனின் மேக்னீட்டோவுக்குத் தான் கட்டுவது என்ன என்று உறைக்கவில்லை. 1981இல் ஒரு குழந்தையைக் கண்டு நின்றுபோனவன், 2004இல் ஊரையே ஓட்டிச் செல்லும்போது நிற்கவில்லை. எந்த அளவுக்கு அவன் கொடியவனானானோ அந்த அளவுக்கு அவன் சாதாரணமானவனாகிவிட்டான். தீயோர் சங்கத்துக்குப் பெயர்ப்பலகை மாட்டிய 1964ஆம் வருஷத்து ஆளுக்கும் இவனுக்கும் அதிக தூரமில்லை. சட்டை போட்டுக்கொண்டவர்களுக்குப் பதில் சொல்வதற்கு அவனைப் பைத்தியமாக்க வேண்டியதில்லை. கிட்டியை மடியில் கிடத்திய அந்தப் பக்கத்தை அவர்களை மறுபடி படிக்கச் சொன்னால் போதும். மேக்னீட்டோ சொன்னது சரி என்று அந்தப் பக்கத்தில் மேக்னீட்டோவே சொல்லவில்லையே!

மற்ற வில்லன்களைப் பற்றி இரண்டொரு வார்த்தை. ஜோக்கரைப் பலர் சொல்வார்கள். அவன் கவர்ச்சியானவன், சந்தேகமில்லை. ஆனால் அவனிடம் தர்ம சங்கடம் ஏதும் கிடையாது. புயலைப் பார்ப்பது போலப் பார்க்கலாம். டாக்டர் டூமுக்குக் கம்பீரம் உண்டு. தன்மேல் சந்தேகம் என்பது மருந்துக்கும் இல்லை. 1986-87இல் வந்த 'வாட்ச்மென்' கதையில் ஓசிமாண்டியஸ் அணு யுத்தத்தைத் தடுப்பதற்காக நியூயார்க்கில் லட்சக்கணக்கானோரைக் கொல்கிறான்; கணக்குப் பிள்ளையின் நிதானத்தோடு கொல்கிறான். சங்கடம் வாசகனுக்குத்தான், அவனுக்குக் கடைசியில் ஒரு கணம்தான். நம் ஊரில் சிவகாசியிலிருந்து 1984இல் வெளிவரத் தொடங்கிய லயன் காமிக்ஸில் ஸ்பைடர் என்று ஒருவன் வருவான். 1965இல் இங்கிலாந்துப் பத்திரிகையில் பிறந்து, அங்கே மறக்கப்பட்டு, தமிழ்ப் பிள்ளைகளிடம் அமர வாழ்வு பெற்றவன். குற்றவாளிகளின் சக்கரவர்த்தியாக வேண்டும் என்று கிளம்பியவன், குற்றவாளிகளைப் பிடிப்பவனாக மாறிப்போனான். மனம் திருந்தியல்ல, கர்வத்தால். தனக்குச் சமமான எதிரி அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறான் என்று கண்டதால். அந்தக் கர்வத்தைப் பிள்ளைகள் ரசித்தார்கள். ரசிக்கத் தகுந்ததுதான். ராத்திரித் தூக்கத்தை அது கெடுப்பதில்லை.

சினிமாவில் மேக்னீட்டோவை இயன் மெக்கெல்லனும் பின்னால் மைக்கேல் ஃபாஸ்பெண்டரும் நடித்திருக்கிறார்கள். 2011இல் வந்த படத்தில் ஓர் இடம் மட்டும் சொல்கிறேன். அமெரிக்கக் கப்பல்களும் சோவியத் கப்பல்களும் ஏவிய குண்டுகளை மேக்னீட்டோ ஆகாயத்தில் நிறுத்தி, அந்தக் கப்பல்கள்மேலேயே திருப்பப்போகிறான். அவனைத் தடுக்கச் சேவியர், அந்த மாலுமிகள் மேலதிகாரியின் கட்டளைக்குக் கீழ்ப்படிகிறவர்கள்தானே என்று கெஞ்சுகிறார். முகாமில் தாயை இழந்தவனிடம், உலகத்தில் உள்ள அத்தனை சமாதானங்களிலும் அந்த ஒன்றைத்தானா சொல்லவேண்டும்? நல்ல மனசுள்ள, கஷ்டமே படாத பணக்காரப் பிள்ளையின் வாயில்தான் அந்த வார்த்தை வரும். குண்டுகள் திரும்புகின்றன. மாலுமிகள் குற்றமற்றவர்கள் என்பதும் உண்மை. சேவியர் சொன்னதைவிடத் தவறான சொல் கிடையாது என்பதும் உண்மை.

கடைசியாக, 2008-09இல் ஐந்து இதழ்களாக வந்த ஒரு கதை. கிரெக் பாக் எழுதினார். கார்மீனே டி ஜியான்டொமேனிக்கோ வரைந்தார். மேக்னீட்டோவுக்கு அதுவரை எத்தனையோ பெயர்கள் வைத்திருந்தார்கள். மாக்னஸ் என்றார்கள், எரிக் என்றார்கள். பாக் அவனுக்கு மாக்ஸ் ஐசன்ஹார்ட் என்று பெயர் வைத்து, ஜெர்மனியில் ஒரு யூதப் பையனாக, பள்ளிக்கூடத்திலிருந்து ஆரம்பித்தார். தலைக்கவசம் கிடையாது. பறப்பது கிடையாது. வார்ஸாவுக்கு ஓடுகிறார்கள், பிடிபடுகிறார்கள், ஆஷ்விட்ஸில், விஷவாயு அறைகளிலிருந்து பிணங்களை எடுத்து எரிக்கிற கைதிகளின் கூட்டத்தில் பையனைச் சேர்த்துவிடுகிறார்கள். அந்த வேலைக்கு அமர்த்தப்பட்டவர்கள் 1944 அக்டோபர் 7ஆம் தேதி கலகம் செய்ததும், அவர்களில் சிலர் தாங்கள் கண்டதை எழுதி மண்ணுக்குள் புதைத்துவைத்ததும் சரித்திரம். மாக்ஸும் எழுதிப் புதைக்கிறான். கேட்கிறவர்களுக்குச் சொல்லுங்கள், கேட்காதவர்களுக்கும் சொல்லுங்கள், இது இன்னொரு முறை நடக்கவிடாதீர்கள் என்று முன்பின் தெரியாத எவரையோ பார்த்து மன்றாடுகிற கடிதம் அது. அதோடு கதை முடிகிறது. மேக்னீட்டோ என்ற பெயர் அட்டையில்தான் இருக்கிறது.